நீலப் பூச்சாடி

ஒன்பது மணிக்கு
ஜூயிஸ் ஜி ஃபோரா பஸ் பணிமனைக் கேன்டீனில்
யாரும் சூப்பை உறிஞ்சிக் குடிப்பதில்லை.
சத்தம் கேட்டால் ஜெனிவால் திட்டுவான்.
டீசல் கையைத் துடைக்காமலே
டிவிக்கு நேர்கீழே நாற்காலி இழுத்துக்கொள்பவன்,
"இந்தக் கண்றாவிய எவன் பார்ப்பான்" என்று
ஆறு மாதமாக ஒருநாள் விடாமல் பார்த்துச் சொல்பவன்.

தொடரில்
குதிரை வைத்தியம் பார்க்கும் ஜுசாராவும்
பத்திர ஆபீஸ் கிளாரிசியும்
நூற்றிப் பதினோரு எபிசோடாக
ஒருத்தி வீட்டில் இன்னொருத்தி காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.
இவ்வளவு குடித்தால் நெஞ்சு படபடக்காதா
என்று கேட்டாள் சமையல்கட்டு ஓஸ்வால்டினா.
அதுக்குத்தானே குடிக்கிறாங்க என்றது
பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.
அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

நூற்றிப் பன்னிரண்டில் மழை.
கரண்ட் போனது. மெழுகுவத்தி.
கிளாரிசி, ஜுசாராவின் காதோர முடியை ஒதுக்கினாள்.
முகத்துக்கும் முகத்துக்கும் ஒரு விரற்கடை.
அப்போது கேமரா
யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பி
மேசைமேல் இருந்த நீலப் பூச்சாடியைப் பார்த்தது.
பார்த்தது.
பார்த்துக்கொண்டே இருந்தது.
பிறகு துணி சோப்பு விளம்பரம்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது?
பிள்ளைங்க முழிச்சிருக்கிற நேரத்திலயா என்று
மேசையைத் தட்டினான் எடில்சன்.
அவன் பிள்ளைகள் இரண்டும்
தாயோடு வேறு ஊரில்.
"என்னத்தக் காட்டிட்டாங்க? சாடியத்தானே?"
"காட்டாததுதான் கண்ணுக்குள்ளயே நிக்குது."
அதை மட்டும் அவன் சரியாகச் சொன்னான்.
புதிதாய்ச் சேர்ந்த கண்டக்டர் பையன் வாண்டர்லே
வாய் திறக்கவில்லை,
தட்டில் பீன்ஸை ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டிருந்தான்.
நான் சில்லறை எண்ணிப் பிழைக்கிறவள்.
குனிந்த தலை
எண்ணுகிறதா ஒளிகிறதா என்று எனக்குத் தெரியும்.

"இவோனேச்சி, நீ என்ன சொல்ற?"
அந்த பூட்ஸ் குதிரை லாயத்துக்கு ஆகாது, வழுக்கும்
என்றேன்.

சொல்லாதது இது:
பத்தொன்பது வருடமாக என்னோடிருக்கும் லூர்டிஸை
"உன் சித்தி மக சுகமா" என்று கேட்கிறீர்கள்.
சுகம் என்கிறேன்.
எனக்கும் அந்தத் தொடர்மேல் குறை உண்டு,
முத்தத்தைப் பற்றி அல்ல.
காஸ் தீர்ந்த இரவில் யார் முறை என்கிற சண்டை,
குனிய முடியாதவளுக்கு நான் வெட்டிவிடும் கால்நகம்,
குறட்டை,
ஒரே டப்பாவில் இரண்டு பேரின் பிரஷர் மாத்திரை.
மழையும் மெழுகுவத்தியும் இல்லாமல்
நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமையைக் கழிப்போம் என்று
எழுதுகிற எவருக்கும் தோன்றவேயில்லை.

அடுத்த மாதம்
கிளாரிசிக்கு லிஸ்பனில் வேலை கிடைத்தது.
எங்கள் மாதிரி ஆட்களுக்குத் தொடர்களில்
ஒன்று வியாதி, இல்லாவிட்டால் விமானம்.
ஏறிப் போனாள்.
"இப்பிடிப் பிரிக்கிறதுக்கு எதுக்குடா சேர்த்தீங்க"
என்று மூக்கைச் சிந்தினான் ஜெனிவால்.
டீசல் புகை என்றான்.

அதற்குள் சனிச்சந்தையில்
அதே சாடி, மண்ணில் செய்து நீலம் பூசி,
வைக்கோலுக்குள் வரிசையாக.
எடில்சன் ஒன்று வாங்கினான்.
பாதிரியார் வீட்டு ஜன்னலில் ஒன்று.
ஓஸ்வால்டினா அதில் கரண்டி போட்டு வைத்தாள்.
எந்த வீட்டிலும் யாரும் பார்த்திராத அந்த முத்தத்துக்கு
எல்லா வீட்டிலும் ஒரு சாட்சி.

எங்கள் வீட்டுக்கும் வந்தது.
வாங்கியவள் லூர்டிஸ்,
எட்டரைக்கே தூங்குகிறவள், ஒரு எபிசோடும் பார்க்காதவள்.
மலிவாகக் கொடுத்தான் என்றாள்.
பூ வைக்கவில்லை.
கரண்ட் பில், சாவிக்கொத்து, என் கண்ணாடி.

ஒரு ராத்திரி ஷிப்ட் சீட்டு வாங்க
வாண்டர்லே வந்தான்.
வாசலிலேயே நின்று சாடியைப் பார்த்தான்.
ஒரே ஆணியில் தொங்கிய இரண்டு மழைக்கோட்டைப் பார்த்தான்.
சித்தி மகளா என்று கேட்கவில்லை.
காபி இருக்கா என்று கேட்டான்.

பேச்சுச் சத்தத்தில் லூர்டிஸ் எழுந்து வந்தாள்,
சீனி டப்பாவைத் திறந்தாள்,
தீர்ந்ததைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று
அவன் முன்னாலேயே
என்னைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டாள்.