தண்ணி பாத்த வண்டி

"டாக்டர் வண்டி மேடம். ஒரே கை."
சொல்லிக்கொண்டே ஜெயசீலன்
பானெட்டைத் தடவுகிறார்.
காலையிலிருந்து பார்த்த ஆறு வண்டியும்
டாக்டர் ஓட்டியவை.
இத்தனை டாக்டர் இருக்கும் ஊரில்
ஒரு காய்ச்சலுக்கு ஏன்
டோக்கன் நாற்பத்தேழோடு உட்கார்ந்திருக்கிறோம்?

வானகரம். ஹைவே ஓரம் தகரக் கூரை.
கயிற்றில் கட்டிய கலர் கொடிகள்
லாரி போகும்போதெல்லாம் கைதட்டுகின்றன.

கூட வந்தவர் மெக்கானிக் கஜபதி.
எங்களுக்குள் ஒப்பந்தம்:
ஒரு இருமல் என்றால் இன்ஜின் பரவாயில்லை,
இரண்டு என்றால் கிளம்பு.
அவருக்கோ இன்று நிஜமாகவே சளி.

கால்குலேட்டர் மேசைமேல் நகர்கிறது.
அவர் தட்டுகிறார்: இரண்டு பத்து.
நான் அழித்துத் தட்டுகிறேன்: ஒன்று முப்பது.
வாயால் சொன்னால் கூசும் தொகையை
பொத்தான் கூசாமல் சொல்கிறது.
"இந்த ரேட்டுக்கு நாலு டயர் தரேன், உருட்டிட்டுப் போங்க."
டீ வருகிறது. ஏடு கட்டுகிறது.

எனக்கும் இது புதிதல்ல.
புதுப்பேட்டையில் ஒருமுறை
என் கதவையே விலை பேசியிருக்கிறேன்.

பிரீமியர் பத்மினி, டி.எம்.எக்ஸ். நாலு நாலு ஒன்று எட்டு.
ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால்
தானே ஹாரன் அடிக்கும்.
கண்ணாடி இறங்காமலிருக்க
யாருடையதோ கல்யாணப் பத்திரிகையை மடித்துச் செருகியிருந்தோம்.
ரிவர்ஸ் எடுக்கும் முன்
துளசிங்கம் ஒரு நிமிடம் யோசிப்பார்.
கியர் எங்கே விழும் என்று
அவருக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.
விற்ற பணத்தில் ஃப்ரிட்ஜ் வந்தது.

மூன்றாம் மாதம்
ஸ்கூட்டிக்கு சைடு ஸ்டாண்ட் தேடிப் போனபோது
சுவரில் சாய்ந்த கதவுகளுக்கு நடுவே
நீலமாய் ஒன்று.
கைப்பிடிக்குக் கீழே சாவியால் கீறிய மீன்,
மகன் நான்கு வயதில் போட்டது.
"எவ்ளோ?"
"அறுநூறு."
நானூற்றைம்பதுவரை இறக்கிவிட்டு
வாங்காமல் வந்தேன்.
கதவை மட்டும் கொண்டுபோய்
எங்கே திறப்பது?
கடைக்காரன் முதுகுக்குப் பின்னால் திட்டினான். நியாயம்தான்.

பானெட்டுக்குள் கஜபதி இருமுகிறார்.
எண்ண மறந்துவிட்டேன்.
டிரைவர் சீட்டில் உட்கார்ந்து
பெல்ட்டை இழுக்கிறேன்,
மாட்டும் அளவுக்கு அல்ல,
சுருள் தீரும்வரை.
கடைசி ஒரு சாணில்
கறுப்பு முடிந்து களிமண் நிறம்.

அந்த டிசம்பரில்
முடிச்சூரில் எங்கள் வண்டியின் கூரை மட்டும்
நாலு நாள் தெரிந்தது.
தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக
இதேபோல் பெல்ட்டைத்தான் இழுத்தேன்,
எதற்கென்று தெரியாமல்.
நாக்கு மாதிரி வந்தது, சேறு பூசி.
திரும்ப உள்ளே போகவில்லை.
பின்சீட்டில் ஒரு கெளுத்தி செத்துக் கிடந்தது.
'டோட்டல் லாஸ்' என்ற தாளில்
கையெழுத்துப் போட்டு சாவியைக் கொடுத்தேன்.
அதற்குப் பிறகு அது
எந்த ஊர் டாக்டரின் வண்டி ஆனதோ.

"சார், இது தண்ணி பாத்த வண்டி."
"மழையில நனையாத வண்டி எங்க மேடம் இருக்கு?"
பெல்ட்டைப் பிடித்தபடியே இருக்கிறேன்.
குனிந்து பார்க்கிறார்.
தேவைக்கு மேல் ரொம்ப நேரம் பார்க்கிறார்.
பிறகு, வியாபாரக் குரல் இல்லாமல்,
"எங்க வீடு ஜாபர்கான்பேட்டை."
எந்த மாடி என்றேன்.
"கீழ்வீடு."
கால்குலேட்டர் தானாக அணைந்துவிட்டிருந்தது.

அதற்காக விலையை விட முடியுமா?
அவரும் விடவில்லை, நானும் விடவில்லை.
ஒன்று நாற்பத்தைந்தில் நின்றோம்.
ஆர்.சி. மாற்றும் செலவு யார் தலையில் என்பதற்கு
இன்னொரு டீ.
"வயரிங் மொத்தமும் மாத்தணும்" என்று
கஜபதி காதுபடச் சொன்னதில்
இரண்டாயிரம் இறங்கியது.

சாவி கைமாறும்போது சொன்னார்:
"ரிசர்வ்லதான் இருக்கு. பங்க் லெஃப்ட்ல வரும்."

உட்கார்ந்து, மறுபடி ஒருமுறை
பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து
விட்டுப் பார்த்தேன்.
தயங்கித் தயங்கி
உள்ளே போயிற்று.