ஒன்பது இலக்கம்

இரவு இரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது.
ஐஸ் லாரிக்காரனென்று நினைத்து
"பின்வாசலுக்கு வாப்பா" என்றேன்.

அந்தப் பக்கம் தூக்கமே அறியாத குரல்.
கடல் மீட்பு மையம்.
"சந்தியாகப்பர் படகு உரிமையாளர்
கித்தேரியான்தானே?
உங்கள் படகிலிருந்து ஆபத்து அழைப்பு.
எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டில்
லுங்கியோடு நின்றிருந்தேன்.
கடலுக்கு அங்கிருந்து நாலு மணி நேர பஸ்.
காலடியில் ஈரம்தான், ஆனால் அது
பெட்டிகளிலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீர்.

"வித்துட்டேன் சார். பதினோரு மாசம் ஆச்சு."
"படகை விற்றிருக்கிறீர்கள்.
ரேடியோ நம்பர் உங்கள் பெயரில்தான் இருக்கிறது."

உண்மைதான்.
விற்ற அன்று
எஞ்சினை முடுக்கிக் காட்டினேன்.
நங்கூரம், கயிறு, வலை எல்லாம் எண்ணிக் கொடுத்தேன்.
அடிப்பலகையில் எந்த மூட்டு கசியும் என்பதையும்
மறைக்கவில்லை.
ரேடியோவைத் தட்டி, "இது நல்லாப் பேசும்" என்றேன்.
யார் பெயரில் பேசும் என்று
நானும் சொல்லவில்லை
அவனும் கேட்கவில்லை.

மறு வாரமே நம்புராஜன்
பழைய பெயரைச் சுரண்டிவிட்டு
நம்புநாயகி என்று எழுதிக்கொண்டான்.
பெயின்ட் போகாத இடத்தில், பெட்டிக்குள்ளே,
நாலு ஒன்று ஒன்பதில் தொடங்கும் அந்த எண்
அப்படியே கிடந்தது.
சிவப்பு மூடியைத் தூக்கி அழுத்தினால்
அது சொல்லும்:
நான் கித்தேரியான்.
நான் மூழ்கிக்கொண்டிருக்கிறேன்.

மண்டபத்துக்குப் போட்டேன்.
எடுத்தது முனீஸ்வரி.
"என்னண்ணே இந்நேரத்துல?"
"இல்ல தாயி, சும்மா...
எத்தனை பேரு போயிருக்காக?"
"அஞ்சு பேரு. ஏன்?"
அந்த ஏனை அப்படியே விட்டுவிட்டு
மையத்துக்குச் சொன்னேன்:
"என் படகுல அஞ்சு பேர் சார்."

என் படகு என்று சொன்னது
போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

மூன்றரைக்கு ஏலம் தொடங்கியது.
சீலா எழுபது கிலோ, ஊளி நாற்பது.
தராசு முள்ளைப் பார்க்கிறேன், எண் ஏறவில்லை.
தொண்டியிலிருந்து வந்த பெட்டியைத்
தூத்துக்குடிக் கணக்கில் எழுதிவிட்டேன்.
முனீஸ்வரியிடமிருந்து நான்கு தவறிய அழைப்புகள்.
ஐந்தாவதை எடுத்தேன். இரண்டு பேருமே பேசவில்லை.

ஐந்து பத்துக்கு மையத்திலிருந்து.
காற்றாடியில் வலை சுற்றி எஞ்சின் நின்றிருக்கிறது.
நான் சொன்ன அதே மூட்டில் தண்ணீர்.
பக்கத்துப் படகு கட்டி இழுத்து வருகிறது.
ஐந்து பேரும்.
"முதலில் அந்த நம்பரை மாற்றிக் கொடுங்கள்" என்றார்.
திட்டின மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும்.

வியாழக்கிழமை பாசஞ்சரில் வந்து இறங்கினான் நம்பு.
மேலவெளி வீதியில் ஒரு பிரவுசிங் சென்டர்.
விற்பனைப் பத்திரம், ஆதார், படகுப் புத்தகம்.
தட்டச்சும் பெண் நிமிர்ந்து பார்த்தாள்:
"கடல் ரேடியோவா? மதுரையிலயா?"
பழைய உரிமையாளர் கட்டத்தில் நான்
புதிய உரிமையாளர் கட்டத்தில் அவன்.
பதிவுக் கட்டணம் அவன் கொடுத்தான்
ஜெராக்ஸுக்கு நான்.

ஆபத்தில் அழைக்க வேண்டிய நபர், ஒன்று:
முனீஸ்வரி.
இரண்டாவது கட்டம் காலி.
"சிவப்பு நட்சத்திரம் இருக்கு சார், விட்டா நகராது."
நம்பு நகத்தைக் கடித்தான்.
அண்ணன் தம்பியெல்லாம் அதே படகில்.
"உன் நம்பரையே போடுண்ணே" என்றான்.
"நீதான் ராத்திரி எடுப்பே."

அவள் தட்டினாள். பக்கம் நகர்ந்தது.

அதற்குப் பிறகு போனை நான்
தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறேன்.
நேற்று இரவும் அடித்தது.
எழுந்து உட்கார்ந்து
யாரென்று பார்க்காமலே கேட்டேன்:
"எத்தனை பேர்?"

"ரெண்டு பேருண்ணே" என்றான் ஐஸ் லாரிக்காரன்.
"நானும் கிளீனரும்."