பூ மண்டிக்கான பெயர் விதிகள்

எண்ணில் தொடங்காதே.
இடைவெளி விடாதே. இரண்டு சொல் வேண்டுமென்றால்
நடுவே அடிக்கோடு போட்டுக் கட்டு,
நார் தெரிந்தாலும் பரவாயில்லை.

'ஆர்டர்' என்று ஒரு டேபிளுக்குப் பெயர் வைக்க முடியாது,
அந்தச் சொல்லை எஸ்கியூஎல் தனக்கென்று எடுத்து வைத்திருக்கிறது
என்றபோது
கமிஷன் கடை சோணைமுத்து ஒரு மாதிரி பார்த்தார்:
"ஆர்டர் இல்லாம என்னம்மா யாவாரம்?"
பேசாமல் பன்மையாக்கினேன்.

ழகரம்தான் பெரிய தொல்லை.
எனக்கு முன் மூன்று பேர்.
முழத்துக்கு ஒருவர் எல் போட்டார்,
ஒருவர் இசட்டும் எச்சும்,
மூன்றாமவர் வாயில் வந்தபடியே 'மொளம்'.
ஒரே சரம், மூன்று பெயர்,
கூட்டினால் எதுவும் ஒத்துவராது.

வைகாசி முகூர்த்தத்தன்று விடிகாலை நாலே முக்காலுக்குப்
போன். அப்படியொரு டேபிளே இல்லை என்கிறதாம்.
என் லேப்டாப்புக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று,
புது சர்வருக்கு இரண்டும் வேறு வேறு ஆள்.
மாட்டுத்தாவணியில் உசிலம்பட்டி மல்லி
மூட்டை மூட்டையாக இறங்குகிறது,
நான் ஒரு 'எம்'மைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
பிடிப்பதற்குள் கிலோவுக்கு முந்நூறு குறைந்திருந்தது.
பால்பாயின்ட்டில் எழுதிய விலைகள்
சோணைமுத்துவின் உள்ளங்கை நிறைந்து
மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறியிருந்தன.

அன்றைக்கே சுவரில் ஒட்டினேன்:
எல்லாம் சின்ன எழுத்து.

உள்ளே இருப்பதைப் பெயர் சொல்ல வேண்டும்
என்று அடுத்த விதி.
இந்த ஊரில் அதை யாரிடம் போய்ச் சொல்ல?
சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில்.
எத்தனை கடை ரசீது, எத்தனை ஆட்டோ
அந்தப் பெயரை நம்பி இருக்கின்றன.
நானும் பழைய பெயர்களை வெளியே தொங்கவிட்டு
உள்ளே மட்டும் திருத்தினேன்.

ஒன்று மிச்சம்.
வேலையை விட்டுப்போன எபனேசர் வைத்தது:
அப்புறம்_பார்க்கலாம்.
சோதனைக்கு வைத்திருப்பான், அழித்துவிடலாம் என்று திறந்தால்
நாற்பத்தோராயிரம் வரி.
சீனியம்மா, எண்ணூறு. ஆமினா, இரண்டாயிரத்து நூறு.
செல்லூர் பாக்கியத்தாய், நூற்றைம்பது, மறுபடி நூற்றைம்பது.
திருப்பிய தேதி என்ற கட்டம்
மேலிருந்து கீழ்வரை காலி.

'கடன்' என்று மாற்றிவிடவா அண்ணே?

உதடு அசையப் படித்தார்.
கீழே போய், மறுபடி மேலே வந்து பெயரைப் பார்த்தார்.
"சரியாத்தானம்மா வச்சிருக்கான்."

விதிகளின் கடைசியில்
ஒரு விலக்கு சேர்த்தேன்,
சின்ன எழுத்தில்.