கடக்க மட்டும்

இரவு இரண்டேகால். வினிபெக்கில் மைனஸ் முப்பத்திரண்டு.
ஆற்றுப் பனியின் தடிமனை வாரவாரியாக
அடுக்கி வைத்த கோப்புறைகளைத்
திருத்துகிறேன் பேர்வழி என்று
மாலையில் நானே அடித்த கட்டளை:
chmod -R 644.

சாதாரண ஆளாக அடித்திருந்தால்
முதல் வாசலிலேயே தன்னைத்தானே
வெளியே பூட்டிக்கொண்டு நின்றிருக்கும்.
நான் ரூட்டாக அடித்தேன்.
ரூட்டுக்கு வாசல் ஒரு பொருட்டா?
அடிமரம் வரை இறங்கி
அத்தனையையும் அடைத்துவிட்டு வந்தது.

இப்போது என் பெயரில் நுழைந்து ls -l கேட்டால்
பெயர்கள் வருகின்றன. பெயர்கள் மட்டும்.
மார்ச்-04, மார்ச்-11, மார்ச்-18.
அளவு? கேள்விக்குறி.
உடையவர்? கேள்விக்குறி.
அடுக்ககத்துக் கீழ்த்தளத்தில்
அஞ்சல்பெட்டி வரிசையைப் பார்ப்பது மாதிரி.
யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும்,
மேலே போக லிஃப்ட் இல்லை.

இதற்கு நேர் எதிரானது நான் குடியிருக்கும் வீடு.
ரொவேனாவின் பேஸ்மென்ட்.
பக்கவாட்டுக் கதவு நவம்பரில் உறைந்தது;
அன்று முதல் அவள் சமையலறை வழியாகத்தான் இறக்கம்.
"போ, வா. எதையும் பார்க்காதே" என்றாள்.
படிக்க இல்லை, எழுத இல்லை,
ஒற்றை x.
நான்கு மாதமாகக் கடக்கிறேன்.
வினிகரில் வேகும் கோழியின் வாசனை தெரியும்,
குளிர்பெட்டி என்ன நிறம் என்று தெரியாது.
மேசையில் கடிதங்கள் குவிவது
கண்ணின் ஓரத்தில் தட்டும்.
திரும்பியதில்லை.

போன வாரம் இருட்டில் ஸ்டூல் மேல் நின்றிருந்தாள்.
"மேல் அலமாரி, இடப்பக்கம், மூன்றாவது டப்பா.
எனக்கு எட்டவில்லை."
பாதையை முழுசாகச் சொல்லிவிட்டாள்,
கை நேராகப் போனது, எடுத்துக் கொடுத்தேன்.
இரண்டாவது டப்பாவில் என்ன இருந்ததோ.

சரி, வேலைக்கு வருவோம்.
பெரிய X என்று ஒன்று இருக்கிறது,
கோப்பை விட்டுவிட்டுக்
கோப்புறைக்கு மட்டும் வாசல் வைக்கும்.
மறுபடியும் ரூட். இந்த முறை
மூன்று தரம் படித்துவிட்டுத் தட்டினேன்.
கேள்விக்குறிகள் உதிர்ந்தன,
மார்ச் பதினொன்றின் பனி எழுபத்தொரு சென்டிமீட்டர்.

ஐந்து மணிக்கு வீடு.
பூட்ஸ் கையில், விளக்கைப் போடாமல்.
குளிர்பெட்டி சரியாக மூடவில்லை,
தரையில் ஒரு கோடு வெளிச்சம்.
மூடலாமா?
மூடினால் அது எழுதுவதில் சேருமா?
நின்று யோசித்தேன்.
பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டே
முழங்கையால் தள்ளிவிட்டு இறங்கினேன்.