மூவாயிரத்து இருநூறில் ஒரு இருமல்

ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் மாற்றினேன்.
பெரிய இன்டேக், அகலமான டவுன்பைப்,
மெல்பேர்ணிலிருந்து தபாலில் வந்த பூஸ்ட் கண்ட்ரோலர்,
நாலு புது ஸ்பார்க் பிளக்.
அதுதான் முதல் பிழை.
இப்போது கார் திக்குகிறது;
நாலில் எதைக் கூண்டில் ஏற்றுவதென்று தெரியவில்லை.

டூங்காபி. பெப்ரவரி.
இரவு பத்தரைக்கும் கராஜ்த் தரை காலைச் சுடுகிறது.
நீலச் சுபாரு, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீற்றர்,
நிற்கும்போது சாது.
சூடேறி, மூன்றாம் கியரில், பாதம் முழுதாய் இறங்கியதும்
மூவாயிரத்து இருநூறில் ஒரு இடறல்,
வாய்வரை வந்ததை விழுங்கும் ஆள் மாதிரி.
பிறகு ஒன்றுமே நடக்காத பாய்ச்சல்.

துவாரகனுக்குக் கார் என்றால் வயிற்றைப் பிரட்டும்.
ஆனாலும் எம் செவன் நெடுஞ்சாலைக்கு வருகிறான்,
மடியில் லேப்டாப்,
ஏலம் கூறுகிறவன் போல எண்களைச் சொல்கிறான்:
"ஒன்பது, பதிமூண்டு, பதினேழு, ஐயோ, பத்து, பதினேழு."
"ஐயோ எண்டது எண் இல்லை" என்றேன்.
"எனக்கு எண்தான்."

பின்னோக்கிக் கழற்றினேன், ஒன்றொன்றாக.
பிளக் இடைவெளியைக் குறைத்தேன்.
பூஸ்ட் ஏறினால் தீப்பொறி அணைந்துவிடுமாம்,
காற்றில் பிடித்த மெழுகுதிரி.
இடறல் சற்றுக் குறைந்தது, போகவில்லை.
கண்ட்ரோலர் போனது. டவுன்பைப் போனது,
ஒரு போல்ட்டில் என் மணிக்கட்டுத் தோலும் போனது.
மூன்றாம் ஞாயிறு, கார்
தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்தில் நின்றது.

இருமியது.

மெலிதாக, முன்பு நான்
'வயசு' என்று பெயர் வைத்துக் கடந்த அதே இருமல்.

"சாம்பிராணிப் புகை அடிச்சுப் பார்ப்பமா?"
"பிசின் ஒட்டும்."
காலி ஊறுகாய்ப் போத்தலில் பேபி ஆயிலைச் சூடாக்கி
குழாய்களுக்குள் புகை அனுப்பினோம்.
எங்கும் கசியவில்லை. கராஜ் முழுக்கக் குழந்தை வாசனை.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பிறகு கொம்பிரசர். பதினைந்து இறாத்தல் அழுத்தம்.
பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து,
தெளித்துத் தெளித்து,
இன்டர்கூலருக்கு அடியில், விரல் நுழையாத வளைவில்,
என் பவுடர்க் கண்ணாடியைச் சரித்துப் பிடித்தால்
ஒரு குமிழி.
ஊதிப் பெருத்து உடைந்தது.
அடுத்தது வந்தது.
காற்றை விட்டால் ரப்பர் மூடிக்கொள்கிறது,
தழும்புகூடத் தெரியவில்லை.

"நீ மாத்தினதாலயா?"
"இல்லை. எப்பவோ இருந்திருக்கு.
நான் கூட மிதிச்சன், அது வாய் திறந்தது."

டோர்ச் அவன் கையில்.
கொம்பிரசர் நிரம்பித் தானாக நின்றது.
அந்த நிசப்தத்தில், ஹோஸைப் பார்த்தபடி,
"வேலையை விட்டிட்டன்" என்றான். "மூண்டு கிழமை."

மூன்று கிழமையாய்
பத்தரை மணிக்கும் களைப்பில்லாமல் வந்து உட்கார்ந்தான்.
ஒவ்வொரு எண்ணையும் பார்த்தேன் நான்,
அதை மட்டும் பார்க்கவில்லை.

"டோர்ச்சை ஆட்டாதை" என்றேன்.
கிளாம்ப் துருப்பிடித்திருந்தது.
கழற்ற வெகுநேரம் ஆனது;
அவசரமில்லை என்பது போல அவன் சொல்லிக்கொண்டிருந்தான்,
அவசரமில்லை என்பது போல நான் திருகிக்கொண்டிருந்தேன்.
இடையில் ஒருமுறை ஸ்பானரைத் தரையில் எறிந்தேன்.
எடுத்துத் தந்தான்.

புது ஹோஸ் முப்பத்தெட்டு டொலர்.
வாங்கிய பெரிய குழாய்கள் இன்னும் சுவரோரம் கிடக்கின்றன.

வியாழன் இரவு, மூன்றாம் கியர்.
"ஒன்பது, பதினொண்டு, பதிமூண்டு, பதிமூண்டு, பதிமூண்டு."
மூவாயிரத்து இருநூறு வந்தது, போனது.
நாலாயிரத்து நூறில், மிக லேசாக, ஏதோ ஒன்று.

"பன்னிரண்டு" என்றான், குரலைத் தாழ்த்தாமல்.

"சரி. திரும்பி வரேக்க இன்னொருக்கா வாசி."