செல்லாத பத்து

இயந்திரம் மூன்று தரம் வாங்கி
மூன்று தரமும் துப்பிற்று.
கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
நீலம்.
தோய்த்துத் தோய்த்து வெளிறிய சாரத்தின் நீலம்.
நோர்வேயின் பழைய பத்துக் குரோணர்.

"ரப்பர்க் கோட்டு, புள்ள" என்றார் உதுமாலெவ்வை
கண்ணாடித் துளைக்குள் வாயை வைத்து.
"கடலடிச்ச வருசம் வந்த மூட்டையில
எனக்கு விழுந்தது. பதினெட்டு மாரி போட்டுட்டன்.
நேத்துத்தான் உள்துணி கிழிஞ்சு
இது எட்டிப் பாத்தது."

முன்பக்கம் ஒரு மீசைக்காரர்.
அவர் பார்வை என்னைத் தாண்டி
கல்முனைக் கிளையின் கமராவையும் தாண்டிப் போகிறது.
புரட்டினால்
ஒரு மீனவன். அவனுக்கப்பால் ஒரு கப்பல்.
மடிப்பு விழுந்து கையை அழித்திருந்தது.

கயிறு இழுக்கிறான் என்றேன் நான்.
"இல்ல. காத்துப் பாக்கான்.
வாடையா சோழகமா எண்டு
இன்னும் முடிவெடுக்கல்ல அவன்."

பிறகு தாளை மூக்கருகே கொண்டுபோனார்.
"பாரு, முகத்தில மை அப்பவே இல்ல.
எல்லாம் கோடு. கோட்டுக்குள்ள கோடு.
கன்னத்தில சின்னக் கண், தோளில பெரிய கண்.
இதக் கீறினவன்
ஒருநாளாவது வலை பொத்தியிருக்கணும்."

நகை அடகுக்காரர் வரிசையில் இருமினார்கள்.

"செல்லாது காக்கா.
அந்த நாட்டிலயே செல்லாது.
பத்துக்கு இப்ப அங்க குத்திதான்."

"செல்லுற காலத்தில
எத்தின கிலோ சூடை வந்திருக்கும்?"

அதற்கு என் திரையில் விகிதம் இல்லை.

"மீசைக்காரருக்குமா செல்லாது?"

"முழுத் தாளுக்குந்தான்."

"அப்ப சரி" என்றார்.
சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்;
கண்ணாடியில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
மீனவன் மேலே தெரியத்தக்கதாய்
நாலாய் மடித்தார், பழைய மடிப்பிலேயே.

அன்று மாலை லாச்சியைப் பூட்டுமுன்
எங்கள் தாள்களைப் புரட்டினேன்.
அணைக்கட்டு, பாலம், சுரங்கப்பாதை.
வண்ணத்துப்பூச்சிகள்.
மேளமடிக்கிறவர்களின் கைகள்
ஒரு மடிப்பும் விழாமல்.

ஞாயிறு, மாளிகைக்காட்டுத் துறையில் தூறல்.
அதே கோட்டு.
கிழிசலைத் தங்கூசியால் தைத்திருந்தார்,
வலைக்குப் போடுகிற முடிச்சு.
உள்ளே இருக்கிறதா என்று கேட்கவில்லை.
அரைக்கிலோ பாரை வாங்கினேன்.
ஈரக் கையால் மிச்சம் தந்தார்.

திங்கட்கிழமை இயந்திரம்
அதில் ஒரு நூறைத் துப்பிற்று.
பறவையின் சிறகில்
ஒட்டியிருந்தது
ஒரு செதிள்.