முப்பது நிமிடம்

குழல் என்னுடையது.
வண்டி அவனுடையது.
வழக்கறிஞரின் தாளில் அப்படித்தான் இருக்கிறது,
படகுக்கும் உறைபெட்டிக்கும் நடுவில்
ஒரே வரியாக.

கப்பல் பட்டறையில் முறிந்துகிடந்த
சுழலித் தண்டைக் கேட்டு வாங்கி
ஒரு குளிர்காலம் முழுக்கக் கடைந்தேன்,
அடி தடிமனாக, வாய் மெலிவாக.
விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன்: கீறல் இல்லை,
துளை முடியும் இடம் கிண்ணம்போல் வழுவழு.
மூலை வைத்தால்
நெருப்பு அங்கே ஒளிந்துகொள்ளும்.

டோர்கெய்ர் கருவாலி மரத்தில் வண்டி செய்தான்.
முதல் வேட்டுக்குப் பாறை மறைவில் குப்புறப் படுத்து
நீளக் கயிற்றை இழுத்தோம்.
புகை கலைந்தபோது குழல் முழுசாக இருந்தது.
அவன் தாடியில் பாசி.

இன்று மே பதினேழு.
காலை ஏழு மணிக்கு ஏழு வேட்டு;
எங்கள் தீவு கொடிநாளுக்கு இப்படித்தான் கண்விழிக்கும்.
கீழே படகுத்துறையில் பள்ளியின் வாத்தியக் குழு.
தூபா வைத்திருக்கும் சிறுமி தூபாவைவிடக் குட்டை.

ஈரத்துணி சுற்றிய கோல் உள்ளே. ஒரு திருகு. வெளியே.
கரி. மறுபடி உள்ளே.
தோலுறை போட்ட அவன் கட்டைவிரல் தீத்துளைமேல்,
காற்று புகுந்தால் மிச்சக் கங்கு எழுந்துவிடும்.
நான் வாய்க்கு நேரே நிற்பதில்லை.
கோலை விரல்நுனியில்தான் பிடிக்கிறேன்;
இறுகப் பற்றினால்
போகிறபோது கையையும் கூட்டிப்போகும்.
அலுமினியத் தாளில் மடித்த மருந்துப் பொட்டலம்.
குண்டு கிடையாது, இங்கே யாரைச் சுட?
கோலில் போட்ட சிவப்புக் கோடு
வாயோடு வந்து நின்றால் பொட்டலம் அடி சேர்ந்தது.
பிறகு தீத்துளை வழியே ஊசி, தாளில் ஒரு குத்து.
பிறகு திரி.
"தயாரா?"
"தயார்."
நவம்பருக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவே.

ஒன்று.
எதிர்மலையின் பனி திருப்பிச் சொன்னது.
இரண்டு.
மூன்றாவதில்
திரி சீறி உள்ளே போனது,
போனதுதான்.

அவன் ஓர் அடி எடுத்து வைத்தான்.
சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.
"முப்பது நிமிடம்."
"தெரியும்."
கொட்டகைக் கதவில் நாங்களே எழுதிய விதி,
அவன் கையெழுத்து, என் எழுத்துப்பிழை.

ஊராட்சித் தலைவி ஓட்லௌக் குன்றடியில் நின்று
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
பத்து விரலை மூன்று முறை விரித்தேன்.
வாத்தியக் குழு பாதிப் பாட்டு வாசித்து நிறுத்தியது.
யாரோ பிள்ளைகளுக்கு இலவங்கப்பட்டை ரொட்டி கொடுத்தார்கள்.

பீரங்கி கடலைப் பார்த்திருந்தது.
தள்ளி, அதன் முதுகுப் பக்கம், பாறையில் நாங்கள்.
"பூனை சாப்பிடுகிறதா?"
"சாப்பிடுகிறது."
"பின்சக்கரம் வெடித்திருக்கிறது."
"கொட்டகையில் அடுப்பு மூட்ட யாரும் இல்லை."
அதற்குப் பிறகு பதினோரு நிமிடம் ஒன்றுமில்லை.

அவனுடைய விழா உடுப்பில் ஏழெட்டு வெள்ளிப் பொத்தான்.
ஒன்றை மட்டும் கறுப்பு நூலால்
கோணலாக, தானே தைத்திருக்கிறான்.
மூன்றாவது பொட்டலத்தை இடிக்கும்போது
நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஊசி என் பையில்.
நான்காவது நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.
சொல்லவில்லை.

நேரம் முடிந்தது.
நீண்ட மூக்குக் கெண்டியால் தீத்துளையில் தண்ணீர்,
வாயிலும் தண்ணீர், இன்னும் கொஞ்சம் பொறுமை.
திருகுக் கம்பி விட்டு அவன்தான் இழுத்தான்.
பொட்டலம் மீன்போல் பளபளத்து வந்தது.
உள்ளங்கையில் வைத்து
இப்படியும் அப்படியும் திருப்பினான்.
தீத்துளைப் பக்கம் ஓட்டை இல்லை.

என்னைப் பார்க்கவில்லை.
பொட்டலத்தை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுக்
குன்றடிக்குக் கத்தினான்:
"ஈரம்! இரவுப் பனி!"
ஓட்லௌக் தலையாட்டினார்.

"துணி" என்றான்.
கோலை எடுத்தேன்.
நான்காவதுக்குக் கையை நீட்டி ஊசியை வாங்கி
அவனே குத்தினான், தேவைக்கு மேல் ஆழமாக.

எல்லாம் முடிந்து இறங்கியபோது
ஆறுதானே, ஒன்று குறைகிறதே என்று கேட்டது
தூபாச் சிறுமி மட்டும்.